என் விலாவுக்குள் கேட்ட சத்தம்

ஐயா,

ஞாயிற்றுக்கிழமை நீ பிரிக்பீல்ட்ஸிலிருந்து போன் போட்டுச் சொன்னதற்கு நான் 'ம்' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளை அதட்டிப் பழகிய வாய்க்கு வெறும் 'ம்' போட்டுவிட்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். "உங்க சீக்கு விஷயத்த மாலதி வீட்டுல இப்ப சொல்ல வேணாம்லா அம்மா, கல்யாணம் முடியட்டும்" என்றாய். நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெண் வீட்டார் பயந்துவிடுவார்கள், இந்த நோய் பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்பார்கள், அம்மாவை யாரும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிடக் கூடாது. இதெல்லாம்தான் உன் மனதில் ஓடியிருக்கும். ஆனாலும் வெள்ளிக்கிழமை அப்பாவும் நானும் செந்தூலுக்குப் போகிறோம், மாலதியின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறோம். அதற்கு முன்னால் நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் நான் போடும் மாத்திரையும் வெயிலுக்குப் பிடிக்கும் குடையும் உனக்குத் தெரியும். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கதையை நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. சொன்னால் என் பொய்யையும் சொல்ல வேண்டிவரும், அதனால்தான்.

நீ பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பு நடந்தது இது. கல்யாணமாகி எட்டு மாதம். பண்டமாரானில் இரண்டு அறை உள்ள பலகை வீடு. அப்பா அப்போது துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் கணக்கெழுதும் கிராணி, ஷிஃப்ட் வேலை. வீட்டில் எங்களோடு உன் பெரிய அத்தை. அப்பாவைத் தூக்கி வளர்த்த அக்கா, தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளாமல் பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்த்துத் தம்பியைப் படிக்க வைத்தவர். நீ சின்ன வயதில் 'போலீஸ் அத்தை' என்று கிண்டல் செய்வாயே, அந்தப் பார்வை எனக்கு முதல் நாளிலிருந்தே பழக்கம். நான் சோறு வடித்தால் பார்ப்பார். துணி காயப்போட்டால் பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார், பார்ப்பார், அவ்வளவுதான். குறை கண்டுபிடிக்கத்தான் பார்க்கிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். எனக்கு அவரிடம் நடுக்கம்.

நடுங்குவதற்குக் காரணமும் இருந்தது. பதினேழு வயதில், கேரித் தீவில் நாங்கள் இருந்த எஸ்டேட் வீட்டில், எனக்கு மூன்று மாதம் விட்டுவிட்டுக் காய்ச்சல். விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் சீப்பைப் பிடிக்க முடியாது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வெயிலில் போய் வந்தால் இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவந்து தடித்துவிடும். எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் வாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். பிறகு தானாகவே அடங்கியது. பெண் பார்க்க வந்தபோது என் அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், அந்தக் காய்ச்சலைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு விரல் வீக்கம் மெல்லத் திரும்பி வந்தபோதும், கன்னம் சிவந்தபோதும், ஒன்றும் இல்லாத மாதிரி முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வளைய வந்தேன்.

பிறகுதான் காலும் கண்ணிமையும் வீங்க ஆரம்பித்தன. ஆஸ்பத்திரியில் என் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்குத் தீயில் காட்டினார்கள். வேகவைத்த முட்டை வெள்ளை மாதிரி அது திரிந்து போனதை நானே பார்த்தேன். கிட்னி கெட்டிருக்கிறது, உடம்புச் சத்து சிறுநீரில் போய்க்கொண்டிருக்கிறது என்றார்கள். உப்பில்லாத சாப்பாடு, நீர் இறங்க மாத்திரை. இரண்டு மாதம் அப்படி ஓடியது. ஒரு நாள் காலையில் குனிந்து கோலம் போடும்போது வலது விலாவில் கத்தியால் குத்தின மாதிரி வலி. மூச்சை உள்ளே இழுக்கவே முடியவில்லை. அரை மூச்சோடு நிறுத்தி நிறுத்தித்தான் விட முடிந்தது. கூடவே காய்ச்சல். அப்பா வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு அண்ணனுடைய லோரியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது.

அந்த வார்டில்தான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். சீனப் பெண். இருபத்தெட்டு வயதுக்கு மேல் இருக்காது. கோட்டில் பித்தான் ஒன்றை மாற்றிப் போட்டிருந்தார், அதைச் சரிசெய்யக்கூட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். மலாயில்தான் பேசுவார், எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாக. மற்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்த உடனேயே பதிலை வைத்திருந்தார்கள்: கிட்னி நோயாளி, உடம்பெல்லாம் நீர், நெஞ்சிலும் நீர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது. இவர் மட்டும் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கிட்னி நீர் என்றால் ஏன் வலிக்க வேண்டும் என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும். என்னைக் கேட்கவில்லை, தன்னையேதான் கேட்டுக்கொண்டார் என்று பிறகு புரிந்தது. ஸ்டெதஸ்கோப்பை என் விலாவில் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு காதிலிருந்து கழற்றி என் காதில் மாட்டி, கொஞ்சமாக மூச்சை இழுக்கச் சொன்னார்.

அந்தச் சத்தத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை, ஐயா. புதுத் தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு யாரோ எனக்குள்ளே நடக்கிறார்கள். மூச்சை இழுத்தால் கரக், விட்டால் கரக். மூச்சைப் பிடித்தால் நின்றுவிடுகிறது. இருபத்திரண்டு வருடம் இந்த உடம்போடு இருந்திருக்கிறேன், அது பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். நுரையீரலை மூடி மெல்லிசான சவ்வு ஒன்று இருக்கிறது, விலாவின் உட்புறம் இன்னொன்று, இரண்டும் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிக்கொண்டு போக வேண்டியவை, இப்போது வெந்துபோய் ஒன்றோடொன்று உரசுகின்றன என்று டாக்டரம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக் காட்டினார். வெறும் கிட்னி நீர் இப்படி உரசாது, வலிக்காது, பெரும்பாலும் இரண்டு பக்கமும் கோக்கும் என்றார். முதுகில் ஊசி போட்டு நீரை எடுத்தபோது, அதைச் சாளரத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தெளிவாக இல்லை, கஞ்சித் தண்ணீர் மாதிரி லேசாகக் கலங்கி இருந்தது. ஏதோ ஒன்று அந்தச் சவ்வை எரிக்கிறது, எது என்றுதான் தெரிய வேண்டும் என்றார்.

அங்கேதான் சிக்கல். கிட்னி ரொம்பக் கெட்டுப்போனால் ரத்தத்தில் சேரும் கழிவே அந்தச் சவ்வை எரிக்குமாம், ஆனால் என் ரத்தத்தில் கழிவு அந்த அளவுக்கு ஏறவில்லை. அடுத்து டிபி. அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் யாருக்குக் காய்ச்சலும் நெஞ்சில் நீரும் வந்தாலும் முதலில் டிபி என்றுதான் சொல்வார்கள், பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். மூன்றாவது ஒன்று உண்டு, உடம்பின் காவலே உடம்பைத் தாக்கும் நோய். வீட்டு நாய் வீட்டுக்காரரையே கடிக்கிற மாதிரி என்றார். அதற்கு மருந்து வேறு. அதைக் கொடுத்தால் காவல் அடங்கும், ஆனால் உள்ளே இருப்பது டிபியாக இருந்து அந்த மருந்தைக் கொடுத்தால் டிபி உடம்பெல்லாம் பரவி ஆளைத் தின்றுவிடும். கொடுக்காமல் விட்டு அந்த மூன்றாவது நோயாக இருந்தால், என் கிட்னி முழுதாகப் போய்விடும். கிட்னி போனால் அன்றைக்கு என் மாதிரி ஆளுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷினும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நீரில் டிபிக் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்க ஆறு வாரம் ஆகும். அத்தனை நாள் காத்திருக்க என் கிட்னியால் முடியாது. ரத்தத்தைச் சோதித்ததில் சந்தேகமாக ஏதோ தெரிந்தது, உறுதியாக இல்லை. டாக்டரம்மா இதையெல்லாம் ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, இனி நீதான் எனக்கு உதவ வேண்டும் என்றார்.

முன்பு எப்போதாவது மூட்டு வீங்கியதா, முடி கொட்டியதா, வெயில் பட்டால் முகம் சிவக்குமா, வாயில் புண் வருமா. இதுதான் அவர் கேள்வி. ஒவ்வொன்றாகக் கேட்டார். ஐயா, அவர் கேட்கக் கேட்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்னைப் பார்த்து ஒரு நாள்கூட ஆகவில்லை, கேரித் தீவு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாதவராக இருக்கலாம், ஆனால் என் அம்மா மண்ணைப் போட்டு மூடின ஒவ்வொன்றையும் வரிசையாகத் தோண்டி எடுத்து என் முன்னால் வைக்கிறார். நெஞ்சில் கேட்ட சத்தத்திலிருந்து என் கன்னத்துக்கு எப்படிப் போனார் என்று எனக்கு மலைப்பு. ஆனால் கட்டில் காலடியில் உன் பெரிய அத்தை கஞ்சித் தூக்கோடு நின்றுகொண்டிருந்தார். அந்தப் பார்வை என்மேல். நோயை மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள் என்று தெரிந்தால் என்னைத் தீவுக்கே அனுப்பிவிடுவார், அப்பாவும் அக்கா பேச்சைத் தட்டாதவர். நான் தலையை ஆட்டினேன். ஒன்றும் இல்லை என்றேன்.

மறுநாள் காலை டாக்டரம்மா மறுபடி கேட்டார். அத்தை லீவு போட்டுவிட்டு அங்கேயேதான் இருந்தார். நான் மறுபடி இல்லை என்றேன். மாலை ரவுண்டில் மூன்றாவது முறை கேட்டார், இந்த முறை ஒரு தமிழ் நர்ஸைக் கூட வைத்துக்கொண்டு, எனக்குக் கேள்வி புரியவில்லையோ என்று. அப்போதும் இல்லை என்றேன். முகத்தில் பவுடர் வேறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில், நூற்றிரண்டு காய்ச்சலில், கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காலையும் மாலையும் பூசிக்கொண்டு கிடந்தேன். இப்படி ஒரு முட்டாளை நீ பார்த்திருக்கிறாயா. டாக்டரம்மா முகம் வாடிப் போனது. நாளைக் காலையில் டிபி மருந்தைத் தொடங்கிவிடுவோம், வேறு வழியில்லை என்று நர்ஸிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அது தப்பான மருந்து என்று அந்த வார்டில் தெரிந்த ஒரே ஆள் நான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சாவதைவிட வாழாவெட்டியாகத் திரும்புவது எனக்குப் பெரிதாக இருந்தது. உன்னிடம் இதை எழுதும்போது கை கூசுகிறது.

காலையில் டாக்டரம்மா வந்து மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார். அத்தை தூக்கைக் கீழே வைத்தார். கஞ்சி கொஞ்சம் தளும்பித் தரையில் கொட்டியது, அவர் குனிந்து துடைக்கவில்லை. சுத்தம் சுத்தம் என்று உயிரை விடுகிற அவர் துடைக்காமல் நின்றதே எனக்குப் பயமாக இருந்தது. "டாக்டர், டியா மாலு. சாயா சக்காப்" என்றார். இவளுக்கு வெட்கம், நான் சொல்கிறேன் என்று. அவருக்குத் தெரிந்த மலாய் பாசாரில் மீன் வாங்குகிற மலாய்தான். அதை வைத்துக்கொண்டு, தெரியாத இடத்தில் தமிழைப் போட்டு, அதுவும் வராத இடத்தில் தன் உடம்பையே தொட்டுக் காட்டிச் சொன்னார்.

என்னைப் பற்றி அவர் சொன்னது இதுதான்: காலையில் எழுந்தால் எனக்கு விரல் மடங்காது, குழாயைத் திறக்க மணிக்கட்டால் தள்ளுவேன். மதியம் ஆனால் சரியாகிவிடும். துணி காயப்போடும்போது தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொள்வேன். மோரிப் கடற்கரைக்குப் போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான்கு நாள் கன்னம் சிவப்பாக இருந்தது, பவுடர் பூசினேன், இதோ இப்போதும் பூசியிருக்கிறேன். காரமான சம்பாலை ஒதுக்குவேன், வாயில் புண். சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கும். முடி கொட்டுகிறது. எல்லாம் கல்யாணமான மாதத்திலிருந்தே. ஒன்றைக்கூட அவர் விடவில்லை. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நர்ஸிடம் ஒரு ஈரத் துணி வாங்கி, என் முகத்தைத் தானே துடைத்தார். பவுடர் எல்லாம் துணியோடு வந்துவிட்டது. டாக்டரம்மா மூக்கின் மேலும் இரண்டு கன்னத்திலும் விரலால் ஒரு கோடு மாதிரித் தடவிப் பார்த்தார். நான் அழுதுகொண்டே பதினேழு வயதுக் கதையைச் சொன்னேன், அத்தை இருப்பதைப் பற்றி அப்போது எனக்குக் கவலையே இல்லை.

அன்றே ரத்தத்தையும் நெஞ்சு நீரையும் மறுபடி எடுத்தார்கள். எடுத்ததைச் சும்மா சில மணி நேரம் வைத்திருந்து, பிறகு கண்ணாடியில் தடவிப் பார்ப்பார்களாம். சாயங்காலம் டாக்டரம்மா தானே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என்னை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார். முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பிறகு ஊதா நிறத்தில் வட்டம் வட்டமாக. நடுவில் ஒன்று, ரம்புத்தானைக் கொட்டையோடு வாயில் அதக்கிக்கொண்ட பிள்ளையின் கன்னம் மாதிரி உப்பிப்போய். என் ரத்த அணு ஒன்று, என்னுடைய இன்னொரு அணுவின் உயிர்ப்பகுதியை முழுதாக விழுங்கிவிட்டு நிற்கிறது என்றார். இதேதான் கிட்னியிலும், இதேதான் மூட்டிலும், கன்னத்திலும், நுரையீரல் சவ்விலும். நான்கு நோய் என்று நான் தனித்தனியாக நினைத்திருந்தது ஒரே நோய். லூபஸ் என்று அதன் பெயரைச் சொன்னார். நான் என்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். யாரைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கண்ணாடியையா, அவரையா, இத்தனை சின்னதாக இருந்துகொண்டு இத்தனை பெரிய வேலை பார்க்கிற அதையா. அந்தப் பிரமிப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

டிபி இல்லவே இல்லை என்று அன்றைக்கும் அவரால் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. கிருமிப் பரிசோதனை முடிய இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் இருந்தது. ஆனாலும் தெரிந்ததையெல்லாம் கூட்டிப் பார்த்து, தன் பெயரைக் கையெழுத்துப் போட்டு மருந்தைத் தொடங்கினார். சின்னச் சின்ன வெள்ளை மாத்திரை. நான்காம் நாள் காலையில் விழித்தபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று தேடினால், வலி. மூச்சை இழுத்தேன். போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு காற்று எனக்குள் கொள்ளுமா என்று ஆச்சரியமாக இருந்தது. பின்னால் வந்த பரிசோதனையில் டிபிக் கிருமி வளரவில்லை. கிட்னி அடங்க ஒரு வருடம் ஆனது, நோய் முழுதாகத் தூங்கினபிறகுதான் பிள்ளை என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் சரி என்ற பிறகுதான் நீ வந்தாய்.

இனி அத்தை விஷயம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் என்னிடம் அந்தக் காலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. என் அம்மாவைத் திட்டவில்லை, அப்பாவிடம் மூட்டிவிடவில்லை. தீவுக்கு அனுப்பவும் இல்லை. எனக்குத்தான் மனது ஆறவில்லை. ஒரு நாள் மதியம் அவர் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, எல்லாம் தெரிஞ்சும் ஏன் ஒரு நாளும் என்னைக் கேக்கல?" என்றேன். கையை நிறுத்தாமலே சொன்னார். அப்பாவுக்கு முன்பு ஒரு இடம் பார்த்தார்களாம். பெண்ணுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று இவர் கவனித்துச் சொல்லப்போய் அது நின்றுவிட்டது. தம்பி வாழ்வதைப் பொறுக்காத அக்கா என்று பண்டமாரான் முழுக்கப் பேசினார்களாம். அதிலிருந்து, வீட்டுக்கு வருகிற பெண்ணைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று தனக்குத்தானே சபதம். அதனால்தான் விடியுமுன் எழுந்து என் தலையணை உறையில் கிடக்கும் முடியை உதறிவிட்டு வைப்பாராம், அப்பா கண்ணில் படக்கூடாது என்று. எட்டு மாதமாக. நான் அவருக்குப் பயந்து மறைத்திருக்கிறேன், அவர் எனக்காக மறைத்திருக்கிறார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள்தான் என் உயிரைக் காப்பாற்றினீர்கள் என்றேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"காப்பாத்துனேனா? அந்த டாக்டர் பொண்ணு மூணு தடவ கேட்டா, புள்ள. மூணு தடவையும் நான் அங்கதான் நின்னேன்."

சொல்லிவிட்டுக் கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். உன் போலீஸ் அத்தை அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அம்மா